டேங்க் மாராவுக்கு ஓர் அம்மா இருந்தாள்

இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். மாம்பழ நிறப் பட்டுப்புடவை. மகன் கல்யாணத்துக்கு எடுத்தது. பகல் காட்சிக்கு, அதுவும் ஒரு ரவுடிப் படத்துக்கு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவர் அந்தத் தியேட்டரிலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

எங்கள் வரிசையும் அதற்குப் பின் வரிசையும் முழுக்க விவேக் நகர்க்காரர்கள். எல்லாம் எங்கள் தெரு. அக்கா வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். மல்லிகைப்பூ வாசனையும் பாப்கார்ன் வாசனையும் கலந்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

பாட்டு முடிந்தால் அடுத்து வர வேண்டியது அவருடைய காட்சி. ஒரு சின்ன ஓட்டு வீடு. தரையில் சாப்பாட்டுத் தட்டு. கையில் கட்டோடு நான். எனக்கு ஊட்டிவிடும் அம்மாவாக அவர். ஆனால் திரையில் போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது.

அக்கா என் முழங்கையைத் தொட்டார்.

"தம்பி, பாட்டு முடிஞ்சதும் நான் வருவேன்னுதானே சொன்னே?"

"மாத்தி வெச்சிருப்பாங்க அக்கா. இனிமே வரும்."

எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி ரெஜினா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லாதே என்று அதற்கு அர்த்தம். முப்பது வருடக் குடித்தனத்தில் இதெல்லாம் வாய் திறக்காமலே புரிந்துவிடும்.

ஓசூரிலிருந்து ஒரு கேள்வி

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தோணி. கன்னட சினிமாவிலும் கொஞ்சம் தமிழ் சினிமாவிலும் அடி வாங்கிப் பிழைத்தவன். முதலில் ஃபைட்டர், வயதான பிறகு வில்லன். ஹீரோ ஓங்கி ஒரு குத்து விட்டதும் காய்கறி வண்டி மேல் போய் விழுகிற ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகம் ஞாபகம் இருக்காது. அது நானாக இருக்கலாம்.

சென்ற வாரம் கண்ணாடி உடைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓசூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஐயா, இப்போது வருகிற படங்களில் சண்டைகள் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் மனதில் நிற்பதில்லை. வில்லனுக்கு ஒழுங்காக ஒரு கதை இல்லாததுதான் காரணமா? வில்லன் யார் என்று தெரிந்தால்தான் சண்டை சண்டையாகுமா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. செல்போனில் படம் விமர்சனம் செய்கிற பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். "வில்லன் கேரக்டர் வீக்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நாள் முழுக்க வெயிலில் கயிற்றில் தொங்கியவனுக்குத்தான் தெரியும் வீக் யாரென்று.

"அதெல்லாம் வேண்டாம் ஐயா, அடி சரியாக விழுந்தால் போதும்" என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான் ஃபைட்டராக இருந்த காலம் முழுக்க அப்படித்தான் நம்பினேன். எங்களுக்குப் பெயரே கிடையாது. மாஸ்டர் எங்களைச் சட்டையின் நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். "ஏய் பச்சைச் சட்டை, முதல் அடிக்கு நீ விழாதே, ரெண்டாவதுக்கு விழு. மஞ்சள், நீ பின்னாடியிருந்து கட்டையோட வா." நான் எந்த ரவுடியின் ஆள், எதற்காக அந்த ஹீரோவை அடிக்கப் போகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாஸ்டரே அடித்திருப்பார்.

அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக விழுந்தால் கூட நிற்கிற லைட்மேன் கை தட்டுவான். அது போதும். விழுவதும் ஒரு வேலைதான். முதுகில் பேடு கட்டி, மெத்தை எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, முகத்தில் மட்டும் சாகப்போகிறவன் மாதிரி இருக்க வேண்டும். என் தோள்பட்டை மழைக்காலத்தில் இன்றும் அந்த நாட்களை நினைவுபடுத்துகிறது.

ஆனால் அந்த வாசகரின் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் பட்டுப்புடவையில் ஸ்டெல்லா அக்காவே வந்து நிற்கிறார். அதனால் அவர் கதையையே எழுதிவிடுகிறேன்.

சேவகன் வேஷம்

சினிமாவுக்கு வருவதற்கு முன்பே நான் வில்லன்தான். எங்கள் கோயில் மைதானத்தில் தவக்காலம் முடிகிற வாரம் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகள். எனக்கு அதில் உரோமைச் சேவகன் வேஷம். சிலுவை சுமந்து போகிறவரைச் சாட்டையால் அடிக்க வேண்டும். சாட்டை என்றால் பழைய துணியைத் திரித்து, சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தது. அடித்தால் வலிக்காது; முதுகில் சிவப்புக் கோடு விழும்.

இயேசுவாக நடித்தவர் எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். காலையில் அவரிடம் காற்றடித்துக்கொண்டு போன பெண்களே சாயங்காலம் என் ஒவ்வொரு அடிக்கும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு வருடம் கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து என் காதில் பட்டது. யார் வீசியது என்று கடைசி வரை தெரியவில்லை. எங்கள் சித்தியாகவும் இருக்கலாம்.

ஸ்டெல்லா அக்காதான் மாதா. நீல முக்காடு போட்டுக்கொண்டு, சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் வாங்கிக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தச் சைக்கிள் கடைக்காரரின் நெற்றியில் ஒட்டியிருக்கும் முடியை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிடுவார். அவ்வளவுதான். மைதானமே விசும்பும். சேவகனாக ஈட்டி பிடித்து நிற்கிற நானும் அழுதுவிடுவேன். சேவகன் அழக்கூடாது என்று ஃபாதர் ஒருமுறை திட்டினார்.

மற்ற நாட்களில் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் பிரான்சிஸ் துபாயில் வேலை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர் வீட்டிலிருந்து கஞ்சி போகும். சினிமாவில் ஒருமுறை முகம் தெரிய வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "கூட்டத்துல நிக்க வெச்சாகூடப் போதும்பா. பிரான்சிஸ் அங்க தியேட்டர்ல பார்ப்பான் இல்ல."

டேங்க் மாரா

அப்போதுதான் எனக்கு டேங்க் மாரா வேஷம் வந்தது. தண்ணீர் டேங்க் ஏரியாவைக் கையில் வைத்திருக்கும் ரவுடி. படத்தின் இரண்டாவது வில்லன். வாழ்க்கையில் முதல்முறையாக என் பாத்திரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதற்கே எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

டைரக்டர் சின்ன வயசு, ஷிமோகா பக்கத்துக்காரர். என்னிடம் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். கதை சொல்லும்போதே, "நோடி, பாருங்க அந்தோணி சார், மாரா கெட்டவன்தான். ஆனா அவனுக்கு ஓர் அம்மா இருக்கா. அவன் சாகறப்போ பார்க்கறவனுக்கு ஒரு மாதிரி ஆகணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் என்னை விழச் சொன்னவர்கள் உண்டு. நான் செத்தால் யாருக்காவது வருத்தம் வர வேண்டும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

அம்மா வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டெல்லா அக்காவைச் சொன்னேன். அவருக்குக் கன்னடம் தமிழைப் போலவே வரும். டைரக்டர் பார்த்த உடனே சரி என்றுவிட்டார்.

முதல் காட்சி ஊட்டிவிடுவது. ஷூட்டிங்கில் வைக்கிற சாப்பாட்டை யாரும் சாப்பிட மாட்டோம். காலையில் பிசைந்து வைத்த சோறு, மதியத்துக்குள் பசை மாதிரி ஆகியிருக்கும். வாயில் வாங்கி, கட் சொன்னதும் துப்பிவிடுவோம். அக்கா அந்தத் தட்டை முகர்ந்து பார்த்தார். "இதை எம் புள்ளைக்கு நான் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மீன் குழம்பு. ஒவ்வொரு டேக்குக்கும் புதிதாகப் பிசைந்து, முள் எடுத்து ஊட்டினார். டைரக்டர் டேக் மேல் டேக் போனார். எனக்கு வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

அந்தக் காட்சியில் அவருக்கு ஒரே வசனம். வாசலில் என்னைக் கண்டதும், "ஊட்டா ஆய்த்தா மகனே?" சாப்பாடு ஆச்சா என்று இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். அவர் கேட்டபோது சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது காட்சி என் சாவு. ஹீரோ என்னை டேங்க் மேலிருந்து தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். அம்மா ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டு கதற வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அக்கா ஓடி வந்தார். கதறவில்லை. சேற்றில் உட்கார்ந்து, என் தலையை மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். அவருக்குத் தெரிந்த சாவு வீடு அதுதான். வருடா வருடம் மைதானத்தில் செய்ததை இங்கேயும் செய்துவிட்டார். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். சாட்டை பிடித்த சேவகன் அன்று மாதாவின் மடியில் கிடந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் டைரக்டர் கட் என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி எடுத்தால் கட் சொன்ன பிறகும் கேமராவை நிறுத்த மாட்டார்கள். செத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சாவோடு ஷாட் முடியக்கூடாது என்று ஒரு பயம். கேமராமேன் வழக்கம் போல, "சார், ஸ்மைல் மாடி" என்றார், சிரிக்கச் சொல்லி. நான் எழுந்து பல்லைக் காட்டினேன்.

அக்காவுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார். நான் சிரிப்பதைப் பார்த்ததும் என் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தார். "எழுந்துட்டியா, பாவி." அடுத்த நொடி அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டு, என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சேறும் சாயமும் அவர் புடவை முழுக்க. இதெல்லாம் கேமராவில் ஓடிக்கொண்டிருந்தது.

இடைவேளை

தியேட்டருக்கு வருகிறேன். இடைவேளை வந்தது, அக்கா வரவில்லை.

தெருக்காரர்கள் சமோசாவோடு சுற்றி நின்றுகொண்டார்கள். "ஸ்டெல்லாக்கா, கண்ணைச் சிமிட்டினப்ப வந்துட்டுப் போயிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா சிரித்தார். "பெரிய ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் இன்டர்வெலுக்கு அப்புறம்தான் வருவாங்க. சமோசாவைத் தின்னு."

எனக்குச் சமோசா இறங்கவில்லை. டப்பிங் நடந்த சமயத்தில் அக்கா ஒரு நாள் என்னைக் கேட்டிருந்தார்: "என்னை ஏன் பேசக் கூப்பிடலை?" நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கன்னடத்தில் தமிழ் வாடை அடிக்கும் என்று எனக்கே எப்போதும் வேறு ஒருவர்தான் குரல் கொடுப்பார். அவருக்கும் அப்படி யாரையாவது பேச வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொன்னேன். டைரக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். எதை வைத்தார்கள், எதை வெட்டினார்கள் என்று கேட்கிற பழக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை.

இரண்டாம் பாதியில் சண்டை வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையான சண்டை. மழை, தண்ணீர்க் குழாய், இரும்பு ஏணி. ஒவ்வொரு அடிக்கும் தியேட்டர் கூரை பறந்தது. ஹீரோ என்னைத் தூக்கிக் குழாய் மேல் அடித்தபோது எங்கள் தெருப் பசங்களே விசில் அடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்தோணி அண்ணன்தான் அது என்று அந்த நேரம் அவர்களுக்கே மறந்துவிட்டது. ரெஜினா சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். நான் சாவதை எத்தனையோ முறை பார்த்தவள் அவள்.

அப்போது அக்காவின் கை என் கையைப் பிடித்தது.

"போதும், விட்டுடுப்பா. செத்துருவான்."

சத்தமாகவே சொன்னார். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஹீரோ விடவில்லை. நான் டேங்க் மேலிருந்து விழுந்தேன். விசில். கத்தல். ஹீரோ மெதுவாகத் திரும்பி நடந்தார். கேமராவும் அவரோடு நடந்து போய்விட்டது. சேற்றில் மாரா ஒரு மூலையில் கிடந்தான். அக்கா வர வேண்டிய இடம் அது. அங்கே கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது.

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் காட்சி போய்விட்டதே என்று அழுகிறார் என நினைத்தேன். குனிந்து, "அக்கா, மன்னிச்சுக்குங்க, எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "எவ்ளோ அடி அடிச்சுட்டான்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை அக்கா. நான் இங்கதானே உக்காந்துகினு இருக்கேன்."

"நீ இங்க இருக்கே. அவன் அங்க தனியாக் கெடக்கானே."

அந்தத் தியேட்டர் நிறைய ஆட்கள். எல்லோரும் பார்த்தது ஒரே சண்டை. மாராவுக்கு மீன் முள் எடுத்து ஊட்டியவர் அவர் ஒருவர்தான். அதனால் அழுததும் அவர் ஒருவர்தான்.

வெளியே வந்ததும் தெருக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். கடைசியில் ஒருத்தி தயங்கித் தயங்கி, "என்னக்கா, கடைசி வரைக்கும் நீங்க வரவே இல்லையே" என்றாள்.

"ஆமா, நான் வரலை. அதான் பார்த்தியே, அவன் செத்தப்ப ஒருத்தரும் அழலை."

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரவில்லை என்பது போலச் சொன்னார்.

அவர் வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி செய்து வைத்துவிட்டு வந்திருந்தார். போகாமல் இருக்க முடியாது. போனோம். இலை போட்டு உட்கார்ந்தோம். படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை; பேசாமல் இருப்பதற்காகவே எல்லோரும் பிரியாணியைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினார்கள். அக்கா பட்டுப்புடவையை மாற்றாமலே பரிமாறினார். என் இலைக்கு வந்தபோது குனிந்து, "ஊட்டா ஆய்த்தா மகனே?" என்றார். திரையில் யாருக்கும் கேட்காமல் போன அந்த வசனம்.

டைரக்டர் சொன்ன காரணம்

மறுநாள் டைரக்டருக்குப் போன் போட்டேன். சண்டை போடத்தான் போட்டேன். அவர் என்னை முந்திக்கொண்டார்.

"சார், எனக்கே வயிறு எரியுது. முதல் ட்ரையல் ஷோவுல அந்த அம்மாவோட ரெண்டு சீனும் இருந்துச்சு. உங்களை மடியில போட்டதும் அத்தனை பேரும் சைலண்ட். அப்புறம் ஹீரோ நடந்து வர்றாரு, ஸ்லோ மோஷன், மியூசிக், எல்லாம் இருக்கு, ஒரு விசில் இல்ல. கொலைகாரனைப் பார்க்கற மாதிரி பார்க்கறாங்க. அந்த அம்மா உங்களை இயேசு ஆக்கிட்டாங்க சார். நான் என்ன மாடோது?"

நான் என்ன செய்வது என்று என்னையே கேட்டார். அவர் சொன்னது தப்பும் இல்லை. படம் ஓடியது. மாராவின் சண்டையை இன்றும் செல்போனில் பார்த்து ரசிக்கிறார்கள். ஓசூர் நண்பரே, அதனால்தான் உங்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சண்டைக்கு வில்லனின் கதை வேண்டியதில்லை. அவன் சாவுக்குத்தான் வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் பிறகு விசில் கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் டைரக்டர் எடுத்துக்கொள்ள முடியும் என்று அன்று தோன்றியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் எங்கேயாவது இருக்கலாம். நான் அவர்களிடம் வேலை பார்க்கவில்லை.

போனை வைக்கும்போது டைரக்டர் சொன்னார்: "அந்த ரெண்டு சீனும் எடிட்டர்கிட்ட ஹார்ட் டிஸ்க்குல இருக்கு. வந்து காப்பி எடுத்துக்குங்க. அம்மாவுக்குக் குடுங்க."

எடிட்டரின் இடம் ராஜாஜி நகர்ப் பக்கம். விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஷூட்டிங் வந்தது. ரெஜினாவுக்கு ஆபரேஷன் வந்தது. அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். கடைசியாக ஒரு நாள் போனபோது அந்த இடத்தில் ஒரு ஜிம் இருந்தது. எடிட்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், பழைய டிஸ்க்கையெல்லாம் அழித்து வேறு படத்துக்குப் போட்டுவிட்டேன் என்றார். எங்கள் தொழிலில் அது சாதாரணம். டிஸ்க் விலை அப்படி.

அக்காவிடம் சொன்னேன். "போகட்டும் விடு. நான் நடிச்சது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள், தெருவில் என்னை எங்கே கண்டாலும் எதிர்ப்புறத்திலிருந்து குரல் வரும்: "ஊட்டா ஆய்த்தா மகனே?" ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சில நாள் வெட்கமாகக்கூட இருந்தது. அவசரத்தில் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஸ்மைல் மாடி

போன மாதம் ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். பாஸ்கா முடிந்து சில நாள் கழித்து, பூசைக்குப் புறப்பட்டவர் வாசற்படியில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். நான் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பிரான்சிஸ் மறுநாள் காலை விமானத்தில் வந்து சேர்ந்தான். அவனுக்கே இப்போது காதோரம் நரைத்திருக்கிறது.

பெட்டியில் அக்காவுக்கு அந்த மாம்பழ நிறப் பட்டைத்தான் கட்டியிருந்தார்கள். கையில் ஜெபமாலை. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ் என்னைத் தனியாக அழைத்தான்.

"அண்ணே, அம்மா உங்ககூட நடிச்சாங்களே. அந்த சீன் உங்ககிட்ட இருக்கா? ஒரு தடவை பார்க்கணும்."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த இரண்டு பஸ் ஏறிப் போயிருக்க வேண்டும். இல்லை என்றேன்.

"வீடியோ கால்ல உங்களைப் பத்திப் பேசினாலே, செத்துப் பொழச்ச எம் மகன்னு சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. சிரிப்பாங்க" என்றான்.

அவனைக் கட்டில் மேல் உட்காரவைத்து வாயாலேயே சொன்னேன். மீன் குழம்பு, முள், சேறு, மடி, நெற்றி முடி. எப்படி ஒதுக்கினார் என்று கையால் செய்து காட்டினேன். நான் எழுந்து சிரித்ததையும், அவர் என்னை அடித்ததையும் சொன்னேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். என் காட்சி ஒன்றைக் கேட்டு ஒருவர் அழுதது அதுதான் முதல் முறை. பார்த்தல்ல, கேட்டு.

ஃபாதர் வந்து ஜெபம் முடித்தார். மூடி போடுவதற்கு முன் ஒவ்வொருவராகக் குனிந்து முத்தம் கொடுத்தோம். பிரான்சிஸ் அம்மாவின் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டான். சற்று முன் நான் செய்து காட்டிய அதே மாதிரி.

என் முறை வந்தது. குனிந்தேன். யோசித்துச் சொல்லவில்லை. இத்தனை வருடப் பழக்கம், வாயில் அதுதான் வந்தது.

"ஸ்மைல் மாடி, அக்கா."

நான் செத்த அன்றைக்கு அவர் அழுதுகொண்டிருக்க, நான் எழுந்து சிரித்தேன். இன்று அவர் எழுந்து சிரிப்பார் என்பது போல அங்கேயே நின்றேன். பின்னால் நின்ற ரெஜினா என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினாள். பெட்டியை மூடினார்கள்.